தனிக்குடித்தனம் போன மென்பொருள்

தலவாக்கலை
18 ஜனவரி 2025

அன்புள்ள சம்பந்தியம்மா வீரம்மா டீச்சர் அவர்களுக்கு,

மார்கிரட் எழுதுவது. இறைவன் அருளால் நானும் ஜெரோமியின் அப்பாவும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் எப்படி? சோலைமலை ஐயா சுகமா? நீங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பொங்கல் சூடு ஆறாமல் வந்து சேர்ந்தது என்றே சொல்லலாம்.

பல வருடங்களுக்கு முன் தனுஷன் என்று ஒரு மாணவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அவன் கொப்பியில் நான் "நல்ல முயற்சி" என்று எழுதியிருந்தேன். கொப்பியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்து, "டீச்சர், கணக்கு சரியா, பிழையா?" என்றான். "நல்ல முயற்சி" என்றேன். "அது தெரியுது டீச்சர். சரியா, பிழையா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, பிழை என்றேன். "அத மொதல்லயே சொல்லியிருந்தா இன்டர்வலுக்கு முன்னுக்கே திருத்தியிருப்பேனே" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

ஓய்வுபெற்ற பிறகு அதே தோட்டப் பாடசாலையில் இப்போது வாரத்தில் இரண்டு நாள் கம்ப்யூட்டர் அறைக்குப் போய் வருகிறேன். நான் செய்த 'எண்கூடை' மென்பொருள் அங்கே பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுக்கிறது. சரியென்றால் சரி, பிழையென்றால் பிழை என்று கூச்சமில்லாமல் சொல்கிறது. சிக்கல் வேறு இடத்தில். "கூடையில் இருந்த இருபது தோடம்பழங்களில் பாதி அழுகிவிட்டன. எஞ்சியவை எத்தனை?" என்று திரையில் வந்தால், "டீச்சர், எஞ்சியவைன்னா கூட்டவா, கழிக்கவா?" என்று கேட்கிறார்கள். கணக்கு தெரிகிறது, வசனம் தெரியவில்லை. உங்கள் 'சொற்பீலி'யோ, தோட்டத்துத் தண்ணீர்ப் பீலி மாதிரி, எந்தச் சொல்லைத் தொட்டாலும் வாசித்துப் பொருள் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தால் என்ன?

இரண்டும் இலவசம் மட்டுமல்ல, திறந்தவையும்கூட. விடையை மட்டும் தராமல் செய்த வழியையும் காட்டுகிற கணக்கைப் போல, உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்கலாம், எடுத்துத் திருத்தலாம். இந்த இரண்டையும் சேர்க்கத்தானே என் ஜெரோமியையும் உங்கள் தனுஜாவையும் பேசச் சொன்னோம்? அவர்கள் சேர்ந்துவிட்டார்கள். மென்பொருள்கள்தான் இன்னும் சேரவில்லை.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் கம்ப்யூட்டர்களைப் பெரிய பாடசாலை ஒன்று கேட்கிறதாம். ஜூலையில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் ஐயா வந்து பார்ப்பாராம். பிள்ளைகள் உண்மையில் பயன்படுத்தினால் இருக்கும், இல்லையென்றால் லொறியில் ஏறும் என்று பாடசாலை அதிபர் ஆண்டியப்பன் சொல்கிறார். ஏறிவிட்டால் தோட்டத்தின் மேல்பிரிவில் இருக்கிற பிள்ளைகளுக்கு அடுத்த கம்ப்யூட்டர் பஸ் ஏறிப் போகிற தூரம்.

தொடக்கமாகச் சொற்பீலியில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, அந்தத் திருத்தத்தை இணையத்தில் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னே அது வந்திருக்கும். ஆனாலும் கல்யாணத்தன்று பேசிக்கொண்டபடி சம்பந்திகளுக்குள் பேச்சு கடிதத்தில்தான். போனில் ஒருவர் இருமினால்கூட மற்றவருக்கு மனத்தாங்கலாகத் தெரியும்.

அன்புடன்,
மார்கிரட்


உடப்புசல்லாவை
9 பெப்ரவரி 2025

பாசமுள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வீரம்மா எழுதிக்கொண்டது. முருகன் புண்ணியத்தில் எல்லாரும் சுகம். என் முழங்கால் பூப் போல இருக்கிறது, கவலைப்பட வேண்டாம். உங்களுக்குச் சளி இல்லையே?

உங்கள் திருத்தம் வந்த மறுநிமிஷமே சேர்த்துவிட்டேன். எங்க வீட்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டு, "உள்ளுக்கு என்ன இருக்குன்னு பாத்துட்டுச் சேரு வீரம்மா. எங்க பெக்டரில சலிக்காம ஒரு தேயிலைத் தூளும் பெட்டிக்குப் போகாது" என்றார். "சம்பந்தி வீட்டுச் சீர்த்தட்ட வாசல்லயே பிரிச்சுப் பாப்பாங்களா? உங்க பெக்டரி புத்திய பெக்டரியோட விட்டுட்டு வந்திருக்கணும்" என்றேன். தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

சொற்பீலி இனி உங்கள் வீட்டுப் பிள்ளை. கணக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை என்பதால் எண்கூடைக்கு ஒன்று செய்து அனுப்பியிருக்கிறேன். இனி விடை சரியாக வந்தால் நாதஸ்வரம் வாசிக்கும். நம் பிள்ளைகள் கல்யாணத்தில் வாசித்ததேதான், வீடியோவிலிருந்து எடுத்தேன். தாலி கட்டும் கெட்டிமேளம் முழுவதும் இருக்கிறது. கணக்குச் செய்கிற பிள்ளைக்கு அந்த மரியாதை வேண்டாமா?

இப்படிக்கு,
வீரம்மா


தலவாக்கலை
3 மார்ச் 2025

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கு சுகம். உங்கள் முழங்கால் பூப் போல இருப்பதில் சந்தோஷம்.

நாதஸ்வரம் மிக அருமை. உடனே சேர்த்துக்கொண்டேன். பிள்ளைகள் ஒரு பெருக்கல் செய்ததும் கைகட்டி அமர்ந்து, முழுவதும் கேட்டு முடித்த பிறகே அடுத்த பெருக்கலுக்குப் போகிறார்கள். பொறுமை நன்றாக வளர்கிறது.

மேளம் ஓயும்போது ஒரு குரல், "சாம்பார் இங்க வரல!" என்று கூப்பிடுவது தெளிவாகக் கேட்கிறது. அது என் தம்பி பத்திநாதன். உங்கள் வீட்டு விருந்தில் ஒரு குறையும் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அவன் எங்கே போனாலும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு அது பிடித்துவிட்டது. இப்போது மேளம் முடிந்ததும் அறை முழுவதும் சேர்ந்து, "சாம்பார் இங்க வரல!" என்கிறது. அதிபர் ஒருநாள் ஓடிவந்து, "மத்தியான சாப்பாட்டுல ஏதும் பிரச்சினையா டீச்சர்?" என்று கேட்டார்.

என் பங்குக்குச் சொற்பீலியின் சொற்களுக்குப் படங்கள் அனுப்புகிறேன். எல்லாம் ஜெரோமியின் அப்பா கையால் வரைந்தவை. கேட்காமலே ஆசையோடு வரைந்தார். ஒவ்வொரு படமும் சற்றுப் பெரிதாகவே இருக்கும்.

அன்புடன்,
மார்கிரட்


உடப்புசல்லாவை
20 ஏப்ரல் 2025

பாசமுள்ள சம்பந்தியம்மாவுக்கு,

எங்கள் புத்தாண்டு முடிந்து உங்கள் உயிர்த்த ஞாயிறு வந்துவிட்டது. இரண்டுக்கும் வாழ்த்துகள். இங்கு எல்லாரும் சுகம். முழங்காலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

படங்கள் எல்லாவற்றையும் அப்படியே சேர்த்துவிட்டேன். சம்பந்தி ஐயாவின் கைக்குத் திருஷ்டி சுற்றிப் போடுங்கள். யானைப் படத்துக்குக் கீழே 'யானை' என்று எழுதியிருப்பது மிகவும் உதவியாக இருக்கிறது.

இவ்வளவு பெரிய சீருக்கு நான் என்ன திருப்பித் தருவது என்று யோசித்து, கடைசியில் ஒரு குத்துவிளக்கு செய்தேன். இனி கம்ப்யூட்டரில் நம் இரண்டு மென்பொருளில் எதைத் திறந்தாலும் முதலில் திரையில் விளக்கு வரும். ஒவ்வொரு திரியாக ஏறும். நல்ல காரியம் அவசரமாகத் தொடங்கக் கூடாது என்பதால் மெதுவாகத்தான் ஏறும். நீங்கள் வேதக்காரங்க அல்லவா, அதனால் விளக்கு முடிந்ததும் ஒரு மெழுகுவர்த்தியும் ஏறும். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். எங்க வீட்டுக்காரர், "கோயில்ல ஒரு கல்யாணம், சர்ச்சில ஒரு கல்யாணம், இப்ப கம்ப்யூட்டர்லயும் ரெண்டா?" என்கிறார். அவர் பேச்சை விடுங்கள்.

இப்படிக்கு,
வீரம்மா


தலவாக்கலை
19 மே 2025

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நலம், நாடுவதும் அதுவே. மழை பிடித்துக்கொண்டதால் எனக்குக் கொஞ்சம் இருமல், அதைத் தவிர ஒன்றுமில்லை.

விளக்கின் அழகைச் சொல்லி முடியாது. முழுவதும் பார்த்து முடிக்க ஒரு பாடவேளை போதுமாக இல்லை, அவ்வளவுதான். விளக்கு ஏறும் வரை பிள்ளைகளைச் சும்மா வைத்திருக்கக் கூடாது என்று வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். போன வாரம் பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரை வந்துவிட்டார்கள். விளக்கு மூன்றாம் திரியில் நின்றது. பிரியந்தி என்ற சிறுமி, "டீச்சர், மெழுகுவர்த்தியும் ஏறணும்னா இருபத்தஞ்சாம் வாய்ப்பாடும் படிக்கணுமா?" என்று கேட்டாள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாரும் நல்லவர்களே. ஒவ்வொருவர் கையிலும் இருக்கிற மூட்டையும் நல்ல மூட்டையே. ஆனாலும் ஏற்றத்தில் பஸ் கொஞ்சம் மூச்சு வாங்கும் அல்லவா? இந்தக் கம்ப்யூட்டர்களும் வயதானவை, என்னைப் போல. இதைக் குறையாக எழுதவில்லை. ஜூலை நெருங்குகிறதே என்று மனதில் பட்டதை எழுதினேன்.

தட்டு வெறுமையாக வரக் கூடாது என்பதால் ஒரு ரயில் அனுப்புகிறேன். பாடம் முடிந்ததும் திரையைக் கடந்து போகும். எல்லாப் பெட்டிகளோடும்.

அன்புடன்,
மார்கிரட்


உடப்புசல்லாவை
8 ஜூன் 2025

பாசமுள்ள சம்பந்தியம்மாவுக்கு,

முழங்கால் சுகம். உங்கள் இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள்.

வயதானவை, என்னைப் போல என்று நீங்கள் எழுதியதை வாசித்ததும் கண் கலங்கிவிட்டது. தனியாக இருப்பது மாதிரி உங்களுக்குத் தோன்றக் கூடாது என்று, விளக்கும் மெழுகுவர்த்தியும் ஏறி முடிந்ததும் என் குரலிலேயே ஒரு வரவேற்புச் சேர்த்திருக்கிறேன். "வாங்க கண்ணுகளா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும். பிள்ளை பதில் சொல்லும் வரை காத்திருக்கும். ரயிலையும் சேர்த்துவிட்டேன், கார்ட் கொடி காட்டுவது வெகு அழகு.

அதை விடுங்கள், பெரிய அநியாயம் ஒன்று நடந்திருக்கிறது! யாரோ 'பீலிக்கரை' என்ற பெயரில் நம் இரண்டு மென்பொருளையும் அப்படியே எடுத்துப் போய்த் தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள்! விளக்கு இல்லையாம். மெழுகுவர்த்தி இல்லையாம். மேளம், படம், ரயில் ஒன்றுமே இல்லையாம். கணக்கு வருமாம், சொல்லைத் தொட்டால் வாசிக்குமாம், அவ்வளவுதானாம். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து நிற்கிறதாம், அதில் என்ன மரியாதை இருக்கிறது? நான் கேள்விப்பட்டதுதான், திறந்து பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

"யாரைக் கேட்டு எடுத்தாங்க?" என்று வீட்டில் கத்தினேன். எங்க வீட்டுக்காரர், "யாரையும் கேக்கத் தேவையில்ல, எடுத்து மாத்திக்கலாம்னு நீங்க ரெண்டு பேருந்தானே அதுல எழுதி வச்சிருக்கீங்க" என்கிறார். எழுதி வைத்தால்? "சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னு சொன்னா உடனே உக்காந்துடுவாங்களா?

நீங்களும் அந்தப் பக்கமே போக மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
வீரம்மா


(இணையத்தில் 'பீலிக்கரை' பக்கத்தின் வழியாக, அதைச் செய்தவர் மட்டும் பார்க்கும்படி அனுப்பிய கடிதம்)
22 ஜூன் 2025

முகம் அறியாத நண்பருக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் ஓர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. பெயர் வேண்டாமே.

உங்கள் பீலிக்கரையை எங்கள் பாடசாலையின் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போட்டேன். பொத்தானை அழுத்திவிட்டு வழக்கம் போல வாய்ப்பாடு தொடங்கினேன். இரண்டாம் வாய்ப்பாடு முடிவதற்குள் கணக்கு வந்து நின்றது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த நாள் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். 'எஞ்சியவை' என்பதைத் தொட்டுக் கேட்டுவிட்டு, என்னைக் கேட்காமலே கழித்தார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நாதஸ்வரத்தை முழுவதுமாக எடுத்துவிட்டீர்கள். அதைச் செய்தவர் மிகுந்த பாசத்தோடு செய்தார் என்று எனக்குத் தெரியும். அது இல்லாமல் விடை சரியாக வரும்போது அறை வெறிச்சென்று இருக்கிறது. நீளம்தான் பிழை, இசை பிழையல்ல. ஒரு மூச்சு மட்டும், வாத்தியக்காரர் ஒருமுறை ஊதுகிற அளவு, திரும்பச் சேர்க்க முடியுமா? கடைசியில் சாம்பார் கேட்கும் குரலை மட்டும் வெட்டிவிடவும். அவர் எனக்குச் சொந்தம்.

இதை அந்த அம்மாவிடம் நானே சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாத உறவு.

ஓர் ஆசிரியை


(அதே வழியில் வந்த இன்னொரு கடிதம்)
29 ஜூன் 2025

பீலிக்கரை செய்த தம்பிக்கோ தங்கச்சிக்கோ,

நலமா? சாப்பாடெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? நான் ஒரு தமிழ் அபிமானி.

முதலில் திட்டிவிடுகிறேன். பெரியவங்க ரெண்டு பேர் பாசமாச் செஞ்சத இப்படியா அள்ளி வெளியில போடுவீங்க? நீங்க யார் பெத்த பிள்ளையோ, உங்களை வளத்தவங்களைச் சொல்லணும்.

திட்டி முடிந்தது. இனி விஷயம். எங்கள் ஊர் வாசகசாலையில் மாலை வகுப்புக்கு உங்களுடையதைத்தான் இரண்டு வாரமாகப் பாவிக்கிறேன். எங்கள் சொந்த மென்பொருள் திறப்பதற்குள் பிள்ளைகள் எழுந்து வெளியே போய் எல்லே விளையாடி ஓர் ஆட்டம் முடித்துவிட்டு வருகிறார்கள். உங்களுடையது உடனே வருகிறது. வளத்தவங்க நல்லாத்தான் வளத்திருக்காங்க.

ஆனால் படங்களை ஏன் எடுத்தீர்கள்? 'கலப்பை' என்று வாசித்தால் இங்கே எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. தேயிலைக்குள்ளே பிறந்ததுகள் கலப்பையை எங்கே கண்டது? அந்தப் படம் இருந்தபோது விரலை வைத்துப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். வரைந்த ஐயா எனக்குத் தெரிந்தவர். சின்னதாக்கியாவது திரும்பப் போடுங்கள். யானைக்கு மட்டும் தும்பிக்கையைக் கொஞ்சம் நீட்டுங்கள், அவர் மனம் நோகாமல்.

ஒரு தமிழ் அபிமானி


தலவாக்கலை
20 ஜூலை 2025

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இறைவன் அருளால் சுகம். இருமல் போய்விட்டது. முழங்கால் பூப் போலத்தானே இருக்கிறது?

வலயத்து ஐயா வந்து போனார். வந்ததும் தானே ஒரு கணக்கை எழுதிப் போட்டார்: "ஒரு பாடசாலையில் இருந்த கம்ப்யூட்டர்களில் பாதி எடுத்துச் செல்லப்பட்டன. எஞ்சியவை எத்தனை?" அதிபர் என் முகத்தைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். பிரியந்தி போய் உட்கார்ந்து, 'எஞ்சியவை'யைத் தொட்டுக் கேட்டாள், அறையில் இருந்த கம்ப்யூட்டர்களை எண்ணினாள், விடையைப் போட்டாள். சரி. நாதஸ்வரம் ஒலித்தது. உடனே அறை முழுவதும், "சாம்பார் இங்க வரல!" என்றது. ஐயா திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தார். அதிபர் ஆண்டியப்பன் எழுந்து, "அது பாடத்துல ஒரு பகுதி சேர்" என்றார். "எந்தப் பாடத்தில்?" என்று ஐயா கேட்பதற்குள் பிரியந்தி, "சேர், பாதிய எடுத்தா கழிக்கணும். எடுக்காமலே விட்டா கணக்கே வேணாமே" என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

கம்ப்யூட்டர்கள் இங்கேயே இருக்கும். அதைவிடப் பெரிய செய்தி, செப்டெம்பர் கடைசியில் நுவரெலியாவில் வலயத்து ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வைக்கிறார்களாம். நாம் இருவரும் ஒன்றாக மேடையேறி நம் மென்பொருளைத் திறந்துகாட்ட வேண்டுமாம்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், திறந்துகாட்டுவது கொஞ்சம் பெருமையடிப்பது மாதிரி இருக்கும். வாயால் சொன்னால் போதாதா? உங்கள் எண்ணத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
மார்கிரட்


கொழும்பு
31 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அம்மாவுக்கும் அன்புள்ள மாமிக்கும்,

தனுஜா எழுதுவது. நானும் ஜெரோமியும் சுகம். இந்தக் கடிதத்தை எழுதி அப்படியே பிரதி எடுத்து ஆளுக்கு ஒன்று அனுப்புகிறேன். யாருக்கு அசல், யாருக்குப் பிரதி என்று தெரியக் கூடாது என்று இரண்டையுமே பிரதியாக அனுப்புகிறேன். அசல் என்னிடம் இருக்கிறது.

அம்மா, மாமியின் கடிதத்துக்கு நீங்கள் இன்னும் பதில் போடவில்லை என்று அப்பா சொன்னார். "எழுத உக்காருறா, எழும்புறா. மேடையில வெளக்கு ஏறாட்டி சம்பந்தியம்மா என்ன நெனைப்பாங்கன்னு பொலம்புறா" என்றார். மாமி, நீங்களோ அந்த விளக்கு மேடையில் ஏறி முடிவதற்குள் மத்தியானம் ஆகிவிடுமே என்று கவலைப்படுவதாக மாமா சொன்னார். ஆகவே நான்தான் சொல்ல வேண்டும்.

பீலிக்கரை நான்தான். ஜெரோமி பரிசோதித்துப் பார்த்தார். ஒருவரும் ஒருவரிடமும் "வேண்டாம்" சொல்லப் போவதில்லை என்று ரயில் வந்த அன்றே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஜூலைக்குள் அந்தக் கம்ப்யூட்டர்களில் ஓடுகிற மாதிரி ஒன்று வேண்டும். சொல்லித் திருத்த முடியாத இடத்தில், எடுத்து வைத்துத் திருத்தினேன். எடுக்கலாம் என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள்.

இருவரும் எனக்கு எழுதினீர்கள். மேளத்தைத் திரும்பக் கேட்டவர் மேளம் செய்தவர் அல்ல. படத்தைத் திரும்பக் கேட்டவர் படம் அனுப்பியவர் அல்ல. இரண்டையும் சின்னதாக்கிச் சேர்த்துவிட்டேன். இப்போது இருவருமே பீலிக்கரையைத்தான் பாவிக்கிறீர்கள், இருவருமே மற்றவருக்குத் தெரியாமல்.

அம்மா, நான் யார் பெற்ற பிள்ளை என்று கேட்டிருந்தீர்கள். சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

மாமி, சாம்பார்க் குரலை வெட்டிவிட்டேன். அதற்குப் பிறகும் பிள்ளைகள் தாங்களாகவே சொல்கிறார்கள் என்றால் அதற்கு நான் பொறுப்பில்லை.

என் மேல் கோபம் இருந்தால் எனக்கு நேராகவே எழுதுங்கள். சுற்றிவளைத்து வேண்டாம்.

உங்கள்
தனுஜா


உடப்புசல்லாவை
7 செப்டெம்பர் 2025

மார்கிரட் டீச்சருக்கு,

வீரம்மா எழுதுவது. நான் சுகமில்லை. முழங்கால் வலிக்கிறது. ஜனவரியிலிருந்தே வலிக்கிறது. பூப் போல என்று எழுதினதெல்லாம் சும்மா.

தனுஜாவின் கடிதத்தை வாசித்துவிட்டு ஒருநாள் முழுக்க அவளோடு பேசவில்லை. அவளுக்குப் போன் எடுத்து, "உன்னோட பேசல" என்று சொல்லவும் செய்தேன். பிறகு நானும் எங்க வீட்டுக்காரரும் உட்கார்ந்து சிரித்தோம். "சலிச்சது யாரு? எம் மக!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இனி நேராகச் சொல்கிறேன், எனக்குப் பழக்கமில்லை. யானை யானை மாதிரி இல்லை. கலப்பை நன்றாக இருக்கிறது. ரயில் வேண்டாம்.

இன்னொன்று. கல்யாணத்தன்று சாம்பார் உண்மையிலேயே போதவில்லை. கடைசிப் பந்திக்குச் சுடுதண்ணி ஊற்றி இழுத்தோம். உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை. அந்தக் குரல் கேட்கிறது என்று மார்ச் மாதம் நீங்கள் எழுதினபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. அதை மறைக்கத்தான் விளக்கு, மெழுகுவர்த்தி என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாக அனுப்பினேன்.

இப்போது நீங்களும் ஒன்று சொல்லுங்கள். மேடையில் எதைத் திறப்போம்?

வீரம்மா


நுவரெலியா
12 ஒக்டோபர் 2025

எங்கள் மென்பொருளைத் திறக்கும் ஆசிரியருக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். எழுதுவது மார்கிரட். பக்கத்தில் இருந்து, "அத வெட்டுங்க, நீளமா இருக்கு" என்று சொல்வது வீரம்மா டீச்சர். அவருடைய முழங்காலைக் காட்ட இருவரும் இன்று இங்கே வந்தோம். வைத்தியர் கூப்பிடும் வரை இதை எழுதுகிறோம்.

எண்கூடை, சொற்பீலி, பீலிக்கரை மூன்றும் இனி ஒன்று. போன மாதம் மேடையில் அதைத்தான் திறந்தோம். நாங்கள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் வந்து நின்றது. எங்கள் மருமகள் செய்தது என்றேன் நான், என் மகள் செய்தது என்றார் வீரம்மா டீச்சர். அதில் மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

குத்துவிளக்கைப் பற்றி நான் அவருக்கு எழுதிய பதில் இவ்வளவுதான்: "விளக்கு வேண்டாம். அதை உங்கள் வீட்டில் வந்து பார்த்துக்கொள்கிறேன்." பிறகு வந்த பதிலில், "எப்ப வாறீங்க?" என்று மட்டும் இருந்தது. போனேன். சாம்பார் வைத்திருந்தார். உப்புக் கொஞ்சம் கூட என்றேன். உடனே எடுத்துப் போய்த் தேசிக்காய் பிழிந்துகொண்டு வந்தார்.

இப்போது யார் எதை அனுப்பினாலும் பிரித்துப் பார்த்துத்தான் சேர்க்கிறோம். வீரம்மா டீச்சரின் வீட்டுக்காரர் சோலைமலை ஐயா சல்லடை என்று தனக்குப் பட்டம் வைத்துக்கொண்டிருக்கிறார். அனுப்பியதற்குப் பதிலாக ஒன்றும் அனுப்பாமலும் இருக்கிறோம். யானையை ஜெரோமியின் அப்பா மறுபடியும் வரைந்திருக்கிறார். இப்போது கீழே பெயர் எழுதாவிட்டாலும் தெரிகிறது.

பிழையான கணக்குக்கு நான் ஒருகாலத்தில் 'நல்ல முயற்சி' என்று எழுதிக்கொடுத்த மாணவன் தனுஷனைப் போன வாரம் தலவாக்கலை பஜாரில் பார்த்தேன். இந்தக் கதையைச் சொன்னேன். "அப்ப நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் 'நல்ல முயற்சி' போட்டுக்கிட்டிருந்தீங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டான்.

வைத்தியர் கூப்பிட்டுவிட்டார். ஒன்று மட்டும் செய்து பாருங்கள்: இன்று ஏதாவது ஒரு பாடத்தைத் திறந்து, அதில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைக் கண்டுபிடித்து, பாராட்டு எதுவும் சேர்க்காமல் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.

மார்கிரட்
வீரம்மா